போர்டிகோவில் நிற்கும் கார்

தணிகைவேலின் கார் சனிக்கிழமைகளில் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருந்தது. வாழப்பாடியைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் நிழல் பார்த்து நின்றது. அரசாங்கத்தின் படத்திலோ, சேலம் அழகாபுரத்தில் அவன் வீட்டு போர்டிகோவில் அசையாமல் நின்றது. ஊர் உலகம் நம்பியது இரண்டாவதைத்தான்.

படம் என்றால் இருப்புப் படம், எந்தக் கார் எங்கே நிற்கிறது என்று போனில் காட்டுகிற வரைபடம். அதற்கான சட்டம் வந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு காருக்கும் ஒரு சிவப்புப் பெட்டி இருக்க வேண்டும். நின்றுபோன இதயத்தை ஓர் அதிர்ச்சி கொடுத்து எழுப்புகிற கருவி அதற்குள் இருக்கிறது. யாருக்காவது மாரடைத்தால் கையில் கட்டியிருக்கும் பட்டை படத்துக்குச் சொல்லும். படம் பக்கத்தில் எந்தக் கார் இருக்கிறதென்று பார்த்து அதன் சொந்தக்காரரைக் கூப்பிடும். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆம்புலன்ஸ் பின்னால் வரும். இதனால் பிழைத்தவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள் என்பதால், இந்தச் சட்டத்தைப் பற்றிக் குறை சொன்னால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஆனால் இதற்காகப் படத்துக்கு எல்லாக் கார்களும் எப்போதும் எங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டும். படத்துக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும். தர்மபுரியில் இருக்கும் மாமியார், மாப்பிள்ளையின் கார் பேக்கரி வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று நலம் விசாரிப்பார். மில் மேனேஜர், சீக்கிரம் கிளம்பிவிட்டீர்கள் போலிருக்கிறதே என்று திங்கட்கிழமை சிரிப்பார். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதனால்தான் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் இருந்தது.

இருப்பிடத்தைச் சொல்லப் பெரும்பாலானவர்கள் கம்பெனிக்காரன் விற்ற கருவியைக் காரில் மாட்டிக்கொண்டார்கள். பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ள அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருப்பவர்கள் மட்டும் தங்கள் சொந்த ரேடியோ வழியாகவே இருப்பிடத்தை அனுப்பலாம் என்று சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. தணிகைவேல் ஒரு நூற்பு மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். தானே பற்ற வைத்துச் செய்ய முடிந்த எதையும் கடையில் வாங்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவன். மனைவி மரகதத்துக்கும் உரிமம் உண்டு. பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள். இருவரும் பழகியதே ரேடியோவில்தான். அந்த அலைவரிசையில் யார் பேசினாலும் யாரும் கேட்கலாம் என்பதால் அவர்கள் காதலை மாவட்டத்தில் பாதிப் பேர் வரி விடாமல் கேட்டிருக்கிறார்கள்.

கருவி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்ன ரேடியோ, கூரையில் காந்தத்தில் ஒட்டி நிற்கும் ஆன்டெனா, தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட். செயற்கைக்கோள்களிடமிருந்து தான் எங்கே இருக்கிறோம் என்று சர்க்யூட் தெரிந்துகொள்ளும். அதை ரேடியோ சங்கேதமாக அனுப்பும். ஏற்காடு மலை மேல் ரேடியோ சங்கத்தார் வைத்திருக்கும் ரிப்பீட்டர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும். ஆத்தூர், மேட்டூர், நாமக்கல் பக்கம் போனால் அங்கங்கே இருக்கும் ரிப்பீட்டர் கேட்டுச் சொல்லும். அங்கிருந்து படத்துக்குப் போய்விடும்.

காரில் மாட்டுவதற்கு முன்னால் அவன் அதை மாடியறை மேசையில் வைத்துச் சோதித்துப் பார்த்தான். கான்கிரீட் கூரைக்கு அடியில் செயற்கைக்கோள் எட்டவில்லை. இந்த மாதிரி நேரத்தில் ரேடியோக்காரர்கள் எல்லோரும் செய்வதையே அவனும் செய்தான். வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கையால் தட்டி, இதையே அனுப்பு என்று ஒரு வரி எழுதிவிட்டான். சிக்னல் மலைக்குப் போய்த் திரும்பி வந்தது. கை தட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டு, ஒயர் இழுத்து, ஃபியூஸ் போட்டு, எஞ்சின் இரைச்சல் ரேடியோவில் ஏறாமல் பார்த்துப் பார்த்துக் காரில் பொருத்தினான். அந்த ஒரு வரியை அழிக்க மறந்துவிட்டான்.

முதல் நாள் மில் வாசலில் காரை நிறுத்திவிட்டுப் படத்தைத் திறந்தபோது அவன் புள்ளி வீட்டிலேயே இருந்தது. உடனே புரிந்துபோய்த் தலையில் அடித்துக்கொண்டான். சாயங்காலம் சரிசெய்துவிட வேண்டும் என்று நினைத்தான். வேலை முடிந்து வரும் வழியில் பேக்கரியில் நிறுத்தி இரண்டு தேங்காய் பன் சாப்பிட்டான். போன் வரவில்லை. அந்த பன்னின் ருசி அவனுக்கு வெகுநாள் மறக்கவில்லை. சாயங்காலம் கொஞ்சம் தலைவலியாக இருந்ததால் சரிசெய்யும் வேலையை மறுநாளைக்குத் தள்ளிப்போட்டான். மறுநாள் அவனுக்குத் தலைவலிகூட வேண்டியிருக்கவில்லை.

பன்னுக்காக யாரும் சட்டத்தை மீற மாட்டார்கள். தணிகைவேலுக்கு நீச்சல் தெரியாது. நாற்பத்துமூன்று வயது ஆண்பிள்ளைக்கு இது சொல்லிக்கொள்ளக் கூடியதும் இல்லை. மரகதம் மேட்டூரில் பிறந்தவள். காவிரியில் அக்கரைக்கும் இக்கரைக்கும் சும்மா போய் வருவாள். ஒரு கல்யாண நாளன்று அங்கே போயிருந்தபோது அவள் நடு ஆற்றில் மல்லாந்து மிதந்துகொண்டு இவனைக் கூப்பிட்டாள். இவன் கரையில் செருப்புகளுக்கும் கைப்பைக்கும் காவலிருந்தான். அவள் கேலி செய்யவில்லை. செய்திருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

மில்லில் ஃபிட்டராக இருக்கும் செங்கோடனுக்கு வாழப்பாடிப் பக்கம் தோட்டமும் ஒரு பெரிய கிணறும் உண்டு. தணிகைவேலுக்குச் சனிக்கிழமை வார விடுமுறை. மரகதத்துக்கு அன்று கல்லூரி உண்டு. புள்ளி போர்டிகோவில் நிற்க, இவன் முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினான். முதல் வாரம் குடித்த தண்ணீர் ஒரு வயலுக்குப் போதும். இரண்டாவது வாரம் கொஞ்சம் குறைவாகக் குடித்தான்.

ஒரு நாள் படியில் உட்கார்ந்து தலை துவட்டும்போது செங்கோடன் கேட்டான்.

"ஏனுங்க சார், இப்ப உங்க காரு எங்கீங்க இருக்குது?"

"வீட்ல."

"அப்ப அந்தா நிக்கிறது?"

தணிகைவேல் சிரித்துக்கொண்டே அந்த ஒரு வரியின் கதையைச் சொன்னான். செங்கோடன் சிரிக்கவில்லை. வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு யோசித்தான்.

"உங்க வீட்டுக்கிட்ட யாருக்காச்சும் மாரடைச்சா, அந்தப் படம் உங்களையில்லீங்க கூப்புடும்?"

"முடியாதுன்னு அமுக்கினா அடுத்த வண்டிக்குப் போயிடும். ஒரு நிமிஷ வேலை."

"அந்த ஒரு நிமிஷத்துக்குத்தானுங்க சார் சட்டமே போட்டாங்க" என்றான் செங்கோடன். பிறகு, மேலதிகாரியிடம் அதிகம் பேசிவிட்டோமோ என்று தோன்றியதோ என்னவோ, எழுந்துபோய்க் கேனை எடுத்து வந்து கட்டினான்.

தணிகைவேலுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம், கேன் இல்லாமல் ஒரே ஒரு தடவை நீந்திவிட்டு, என்று தன்னிடமே பேரம் பேசிக்கொண்டான். நாம் எல்லோரும் பேசுகிற பேரம்தான். தன்னோடு பேசும்போது யாருக்கும் தோல்வி வருவதில்லை.

கேன் இல்லாமல் இறங்கிய சனிக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. அவன் படியை விட்டுக் கிணற்றின் நடுவுக்குப் போய்விட்டான். மூழ்கவில்லை. கை தானாகப் போனது, கால் தானாக அடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தண்ணீர் அவன் பக்கம் இருந்தது. மல்லாந்து பார்த்தால் வட்டமாக வானம் தெரிந்தது. அப்போதுதான் படியில் சட்டைக்கு மேல் வைத்திருந்த போன் அலறியது.

அந்த ஓசையை நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை நிறுத்தி வைக்க முடியாது. செங்கோடன் எடுத்துப் பார்த்து, சத்தமாகப் படித்தான்.

"சார், உங்க எதிர் வூடுங்க. லூர்துசாமின்னு போட்டிருக்குது."

லூர்துசாமி ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இவர்கள் மொட்டைமாடி ஆன்டெனா தன் வீட்டுக்குத்தான் இடியை வரவழைக்கும் என்று பல வருடமாக வாதாடிக்கொண்டிருப்பவர். அந்த வாதத்தை நடத்துவதற்காகவே தினமும் காலையில் இவர்கள் வீட்டுக்கு வந்து காபி குடிப்பவர்.

முடியாது என்பதை அமுக்கச் சொல்லித் தணிகைவேல் கத்தினான். செங்கோடன் அமுக்கினான். போனுக்குத் தேவைப்பட்டது சொந்தக்காரரின் விரல். தணிகைவேல் படியை நோக்கி நீந்தினான். நீந்தினான் என்று சொல்வது மரியாதைக்கு. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போக, கண்ணை மூடிக்கொண்டு அடித்துப் பிடித்து வந்து சேர்ந்து, ஈர விரலைத் திரையில் வைத்தான். விரலை எடுத்தபோது திரை பச்சையாகியிருந்தது.

'உங்கள் வாகனம் அழைப்பை ஏற்றுக்கொண்டது. நன்றி.'

விரல் ஈரமாக இருந்து, வேறு இடத்தில் பட்டு, ஏற்றுக்கொண்டதாகப் பதிவாகிவிட்டது என்று நினைத்தான். இனிமேல் படம் வேறு யாரையும் கூப்பிடாது. ஏன் கூப்பிட வேண்டும்? எதிர் வீட்டில் கார் நிற்கிறது, சொந்தக்காரன் வருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

உதவி எண்ணுக்குப் போட்டான். அந்தப் பக்கம் ஒரு பெண் மிகப் பணிவாக, அந்த அழைப்பை அருகிலுள்ள வாகனம் ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது, தயவுசெய்து இணைப்பைக் காலியாக வைத்திருங்கள் என்றாள். அந்த வாகனமே நான்தான், நான் அங்கே இல்லை என்று அவன் கத்தினான். உங்கள் வாகனம் சம்பவ இடத்துக்கு எதிரிலேயே இருப்பதாகத் தெரிகிறது சார் என்று அவள் ஆறுதல் சொன்னாள்.

மரகதத்துக்குப் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வகுப்பில் இருப்பாள். லூர்துசாமியின் மனைவி செலினுக்குப் போட்டான். அவளும் எடுக்கவில்லை.

ஈரத் துண்டோடு காரில் ஏறினான். அயோத்தியாப்பட்டணம் வரைக்கும் எப்படி ஓட்டினான் என்று அவனுக்கு நினைவில்லை. பக்கத்து இருக்கையில் சிவப்புப் பெட்டி கிடந்தது. ஒரு மனிதனின் உயிரைத் தூக்கிக்கொண்டு நீச்சல் பழகப் போயிருக்கிறோம் என்று நினைத்தான். அழுதான். இரண்டு தேங்காய் பன்னில் ஆரம்பித்தது இங்கே வந்து நிற்கிறது. லூர்துசாமி காபியை ஆற்றும்போது டம்ளரை எவ்வளவு உயரத்துக்குத் தூக்குவார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஏன் ஞாபகம் வர வேண்டும் என்று தன் மீதே எரிச்சல் வந்தது.

தெருவில் திரும்பியபோது ஆம்புலன்ஸ் முதலுதவியை முடித்துக் கிளம்பத் தயாராக இருந்தது. ஸ்ட்ரெச்சரில் லூர்துசாமி கண் திறந்திருந்தார். கையை லேசாக அசைத்து யாரிடமோ ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தார். கூடவே செலின் ஏறினாள். லூர்துசாமி வீட்டு வாசற்படியில் மரகதம் உட்கார்ந்திருந்தாள். முடி கலைந்து, முகமெல்லாம் வேர்த்திருந்தது. பக்கத்தில் இன்னொரு சிவப்புப் பெட்டி திறந்து கிடந்தது.

தணிகைவேல் காரை நடுத்தெருவிலேயே விட்டுவிட்டு வந்து அவள் எதிரில் நின்றான். இடுப்பில் ஈரத் துண்டு, மேலே பனியன்கூட இல்லை. தெருவே பார்த்தது.

"வண்டி நம்ம ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. அழைப்பு எனக்கும் வரும்ல?" என்றாள் அவள். "நான்தான் ஏத்துக்கிட்டேன்."

"நீ காலேஜ்ல இல்லையா?"

"ரெண்டாவது வாரத்துல இருந்தே சனிக்கிழமை போறதில்ல. வசந்தா மேடத்துகூட மாத்திக்கிட்டேன். அவங்களோட எட்டு மணி லேப் எல்லாம் நான் எடுக்கறேன்."

"பெட்டி?"

"காலேஜ் ஸ்டோர்ல ஒண்ணு சும்மா கிடந்துச்சு. கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

அவனுக்குப் புரிந்தும் புரியாமலும் இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டான். மரகதம் அவனைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற சலிப்பும் இருந்தது.

"ஒவ்வொரு செய்தியோட வாலிலயும் அது எந்த ரிப்பீட்டர் வழியா வந்துச்சுன்னு ஒட்டியிருக்கும். அடுத்த கிரேடு உரிமப் பரீட்சைக்கு நான்தான் உங்களுக்கு அதச் சொல்லிக்கொடுத்தேன். நம்ம மாடியில இருக்கற ரிசீவர்ல பாத்தேன். போர்டிகோவுல நிக்கிற வண்டி எதுக்குங்க ஆத்தூர் ரிப்பீட்டர் வழியா வீட்டுக்குப் பேசணும்?"

எல்லோரையும் போலவே தணிகைவேலும் புள்ளியை மட்டும்தான் பார்த்திருந்தான். செய்தி எங்கே இருக்கிறேன் என்று பொய் சொல்லியது. எந்த வழியாக வந்தேன் என்பதில் அதற்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

முதல் வாரம் அவளுக்கு வேறு மாதிரியெல்லாம் தோன்றியதாம். அதை அவள் மறைக்கவில்லை. அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடக்கூட இல்லையாம். மறுநாள் துவைக்கப்போட்ட துண்டை எடுத்தபோது கிணற்றுப் பாசி வாசனை அடித்திருக்கிறது. மேட்டூர்க்காரிக்குப் பாசி வாசனை தெரியாமல் இருக்குமா? அதற்கப்புறம் அவள் அழவில்லை, கேட்கவும் இல்லை.

"சொல்லியிருக்கலாமே மரகதம்."

"சனிக்கிழமை சாயங்காலம் பாட்டு முணுமுணுத்துக்கிட்டே வருவீங்க. காபி நல்லாருக்குன்னு சொல்வீங்க. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துல காபிய நல்லாருக்குன்னு சொன்னது அப்பதான். அதக் கெடுக்க வேணாம்னு பாத்தேன். ஆனா நீங்க போனா இந்தத் தெருவுக்கு ஆள் வேணும். படம் நம்மள நம்பிக்கிட்டு இருக்கு. அதான் உங்க காருக்குப் பதிலா நான் நின்னேன்."

அவள் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆறு சனிக்கிழமைகள் அவன் வட்டமான வானத்தைப் பார்த்து மிதந்தபோது, அவள் கடைக்குக்கூடப் போகாமல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவன் அனுபவித்த சுதந்திரம் முழுக்க அவளுடைய பங்கிலிருந்து எடுத்ததுதான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. நீந்தத் தெரியாததற்குப் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் வெட்கமே இல்லை.

வீட்டுக்குள் போனதும் லேப்டாப்பைத் தேடினான். இப்போதே அந்த வரியை அழிக்கப் போவதாகச் சொன்னான்.

"இருங்க" என்றாள் மரகதம். "அடுத்த சனிக்கிழமை என் முறை."

அவள் சட்டத்தை முழுசாகப் படித்திருந்தாள். படிக்காமல் எதையும் மீறுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. படத்துக்குச் சொல்ல வேண்டியது கார் எங்கே இருக்கிறது என்பது இல்லை, பெட்டி எங்கே இருக்கிறது என்பதுதான். எல்லோரும் பெட்டியைக் காரிலேயே வைத்திருப்பதால் யாரும் அந்த வித்தியாசத்தைப் பார்த்ததில்லை. பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, ஓர் ஆளும் பக்கத்தில் இருந்துவிட்டால், வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லும் அந்த வரி பொய்யே இல்லை.

"நீங்க பண்ணுன தப்பு, பெட்டியக் கொண்டுபோனது. போனது தப்பில்ல" என்றாள்.

எங்கே போகப் போகிறாய் என்று கேட்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டான்.

அடுத்த சனிக்கிழமை காலையில் மரகதம் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். கையில் ஒரு பையும் இருந்தது. போய்வருகிறேன் என்று சொன்னாள், எங்கே என்று சொல்லவில்லை. தர்மபுரியிலிருந்து மாமியார் போன் செய்து, இரண்டு பேரும் சனிக்கிழமையும் அதுவுமாக வீட்டிலேயே இருக்கிறீர்களே, கோயில் குளத்துக்குப் போகக் கூடாதா என்று குறைப்பட்டார். மரகதம் குளித்துக்கொண்டிருப்பதாக அவன் சமாளித்தான்.

போர்டிகோவில் நாற்காலி போட்டு, பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ரிசீவரை மாடியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தான். திரையில் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் அவள் வீட்டில்தான் இருந்தாள். ஒவ்வொன்றின் வாலிலும் வழி இருந்தது. மேட்டூரா, ஆத்தூரா, நாமக்கல்லா என்று கொஞ்சம் கண்ணைத் தாழ்த்தினால் தெரிந்துவிடும். அவளுக்கு அவன் விஷயம் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அவள் பார்த்தது அவன் சொல்லாமல் போனதால். அவளோ போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். அவன் ரிசீவரின் ஸ்விட்சை அணைத்தான்.

பதினோரு மணி வாக்கில் லூர்துசாமி எதிர் வீட்டிலிருந்து மெல்ல நடந்து வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து முந்தாநாள்தான் விட்டிருந்தார்கள். ஆன்டெனாவை ஒரு தடவை அண்ணாந்து முறைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். காபி கேட்டார். தணிகைவேல் போட்டுக் கொண்டுவந்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, அது மரகதம் போட்டது இல்லை என்று முகத்தாலேயே தெரிவித்தார்.

"காரக் காணோம்?"

"மரகதம் எடுத்துட்டுப் போயிருக்கா."

"எங்க?"

"தெரியாதுங்க" என்றான் தணிகைவேல்.

லூர்துசாமி டம்ளரைக் கீழே வைத்தார். சொந்தப் பெண்டாட்டி எங்கே இருக்கிறாள் என்று தெரியாத ஒரு மனிதனை அவர் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. அவனுக்குக் கவலையாக இருக்கிறதோ என்று முகத்தை உற்றுப் பார்த்தார். அப்படி எதுவும் தெரியவில்லை.

"சாயங்காலம் வந்து அவளா சொன்னா, கேட்டுக்கணும்" என்றான் அவன்.